நார்தம்பர்லாந்தில் ஒரு நாள்: புனிதத் தீவா, ஹேட்ரியன் மதிலா, கிராக்சைடா?

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு முழு நாள் ஓய்வு கிடைத்து, எங்காவது போய் வரலாம் என்று தோன்றினால், பெரும்பாலும் மூன்று இடங்களின் பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். கடல் வேண்டும் என்பவர்கள் லிண்டிஸ்ஃபார்ன் என்ற புனிதத் தீவைச் சொல்வார்கள். நடக்க விரும்புகிறவர்கள் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலைச் சொல்வார்கள். மாளிகையும் தோட்டமும் பிடித்தவர்கள் ராத்பரி ஊரை அடுத்துள்ள கிராக்சைடைச் சொல்வார்கள். மூன்றுக்கும் காரில் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், காலையில் தீவு, பிற்பகலில் மதில் என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். ஒன்று வடக்கே, மற்றொன்று மேற்கே. பகலில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நம் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வதைவிட, அன்றைய கடல் எப்போது ஏறுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

தீவையும் கரையையும் இணைக்கும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலில் மூழ்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கு யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை மாவட்ட நிர்வாகம் வெளியிடுகிறது. அவை தினமும் தள்ளிப்போவதால், போன வாரம் போய் வந்த நண்பர் சொன்ன நேரம் இந்த வாரத்துக்கு உதவாது. சாலையோரத்தில் உயரமான கால்களின் மேல் வெள்ளை நிற மரக் கூண்டு ஒன்று நிற்கிறது. நீரில் சிக்கிக்கொண்டவர்கள் காரை விட்டுவிட்டு ஏணியில் ஏறி உயிர் காத்துக்கொள்வதற்காக அமைத்தது அது. வெயில் அடிக்கும் ஒரு காலையில் அதைப் பார்க்கும்போது இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவையா என்று தோன்றும். ஆனால் இங்கே கடல் அலை அலையாகப் பாய்ந்து வருவதில்லை. முதலில் சேற்றுப் பரப்பின் பள்ளங்கள் மெல்லப் பளபளக்கும், பிறகு அந்தப் பளபளப்புகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும், சற்று நேரத்தில் முன்னே தெரிந்த சாலை இருக்காது. இதை நேரில் பார்த்தவர்கள் அட்டவணையோடு விளையாட மாட்டார்கள்.

இந்த இடையூறே தீவின் பெருமைக்கும் காரணம். கி.பி. 635இல் அரசர் ஆஸ்வால்டின் அழைப்பின் பேரில் ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவிலிருந்து வந்த துறவி எய்டன், கரையோடு சேர்ந்தும் சேராமலும் இருக்கும் இந்த இடத்தில்தான் மடத்தை நிறுவினார். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் என்று இன்று பிரிட்டிஷ் நூலகம் பாதுகாக்கும் ஓவியச் சுவடி, 700ஆம் ஆண்டையொட்டி இங்கே உருவானது. 793இல் வைக்கிங்குகள் கடல் வழியாக வந்து மடத்தைத் தாக்கினார்கள். இன்று சிவந்த கல்லில் நிற்கும் இடிபாடுகள் அந்தப் பழைய மடத்தினுடையவை அல்ல, 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயத்தினுடையவை. ஆயினும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு சிறு கல்லைத் தேடிப் பார்க்க வேண்டும்: ஒருவர் பின் ஒருவராக, ஓங்கிய ஆயுதங்களோடு நடந்து வரும் வீரர்களை அதில் யாரோ செதுக்கியிருக்கிறார்கள். தாக்குதலின் நினைவு மறையாத ஒரு தலைமுறையின் கை அதில் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. பாறை மேல் இருக்கும் சிறிய கோட்டையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடாக மாற்றி அமைத்தவர் எட்வின் லுட்டியன்ஸ், அதாவது பிற்காலத்தில் புது தில்லியை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். கோட்டை அழகுதான், ஆனால் நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு, மணல் திட்டுகளில் படுத்திருக்கும் சாம்பல் நிறக் கடல்நாய்களின் குரல் கேட்கும் கரைக்குப் போவதே மேல்.

தீவுக்குப் போவதானால், நண்பகலையொட்டிக் கடல் ஏறும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாக, சாலை நடுப்பகலில் திறந்திருக்கும் நாளைத் தேடிப் போய், கூட்டத்தோடு சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். காலையில் சாலை மூடுவதற்கு முன்பே கடந்து சென்று, கடல் சூழ்ந்திருக்கும் அந்த ஐந்து மணி நேரத்தையும் உள்ளேயே கழித்து, மாலையில் நீர் வடிந்தபின் திரும்பும்போதுதான் அது உண்மையில் தீவாக இருக்கிறது. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

ஹேட்ரியன் மதிலுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கி.பி. 122இல் தொடங்கிய இந்த மதில் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை 73 மைல் நீண்டது. ஒரு நாளில் பார்க்க வேண்டியது அதன் நடுப்பகுதியை மட்டுமே. அங்கே மதில் நெடிய பாறை முகடு ஒன்றின் விளிம்பில் ஏறி இறங்கிச் செல்கிறது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாய்ந்து இறுகிய பாறைக் குழம்பே அந்த முகடு. லிண்டிஸ்ஃபார்ன் கோட்டை உட்கார்ந்திருப்பதும் அதே வகைப் பாறையின் மேல்தான். ஸ்டீல் ரிக்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிழக்கே நடந்தால், ஒற்றை மரத்துக்காக உலகம் அறிந்திருந்த பள்ளத்துக்கு வந்து சேரலாம். 2023 செப்டம்பரில் அந்த மரத்தை இருவர் இரவோடு இரவாக அறுத்துத் தள்ளினார்கள். 2025இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்கள் வந்திருக்கின்றன. இருந்தாலும் அந்த வெற்றிடத்தின் முன் நிற்கும்போது மனம் கனக்கிறது.

மதிலைவிட அதற்குச் சற்றுத் தெற்கே உள்ள விண்டோலண்டா கோட்டையையே நான் முதன்மையாகச் சொல்வேன். காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைந்து கிடந்ததால், தபால் அட்டை அளவிலான மெல்லிய மர ஏடுகள் மையெழுத்தோடு பிழைத்து, 1973 முதல் கிடைத்துவருகின்றன. கி.பி. 100ஐ ஒட்டி, கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழிக்குப் பிறந்தநாள் அழைப்பு அனுப்பியிருக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகளை அவளே தன் கையால் சேர்த்திருக்கிறாள். வேறொரு கணக்கு ஏட்டில், ஒரு வீரன் மிளகு வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. அக்காலத்து ரோமானியர்களுக்கு மிளகு வந்த வழி, சங்கப் பாடல்கள் பேசும் சேரரின் முசிறித் துறையை உள்ளிட்ட நம் மேற்குக் கரைதான். அந்தக் குளிர்ந்த மேட்டில் நின்று இதை நினைத்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஏடுகளில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கில் கிடைத்த தோல் காலணிகள் இங்கேயே உள்ளன. கோடைக்காலத்தில் தன்னார்வலர்கள் தோண்டிக்கொண்டிருப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கிராக்சைடைப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொல்ல எனக்கு இல்லை. பீரங்கிகளும் நீர்விசைப் பொறிகளும் செய்து பெரும் செல்வம் சேர்த்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் வீடு அது. நீர்மின்சாரத்தால் விளக்கேற்றிய உலகின் முதல் வீடும் அதுவே. 1878இல் வில்விளக்கு (இரு கரித்தண்டுகளுக்கு இடையே பாயும் மின்சாரத்தால் ஒளிர்வது), 1880இல் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் குமிழ் விளக்கு என்று அங்கே ஒளி வந்தது. அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஜூன் மாதத்தில் ரோடோடென்ட்ரன் பூக்கள் சரிவெங்கும் நிறைந்திருக்கும். மழை நாளுக்கு மூன்றில் ஏற்றது இதுதான், ஏனென்றால் பாதி நேரத்தைக் கூரையின் கீழ் கழிக்கலாம். சுற்றிலும் செங்குத்தான படிகள் உண்டு என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவிலும் வேறுபாடு இருக்கிறது. தீவின் ஊருக்குள்ளும் கரையிலும் நடக்கக் கட்டணம் இல்லை. மதிலோரப் பாதையும் அப்படித்தான். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தால் கிராக்சைடுக்கும் தீவின் கோட்டைக்கும் போதும். மடத்தின் இடிபாடுகள் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற மற்றொரு மரபுப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. மதிலோரமுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு இந்த இரண்டு அமைப்புகளின் உறுப்பினர் அட்டைகளும் செல்லும். விண்டோலண்டா தனி அறக்கட்டளையுடையது, அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு மதிலே எளிது: ரயிலில் ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசில் போய், அங்கிருந்து மதிலோரமாக ஓடும் ஏடி122 பேருந்தைப் பிடிக்கலாம். கட்டத் தொடங்கிய ஆண்டையே பேருந்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, கடல் நண்பகலில் ஏறும் நாளானால் தயங்காமல் தீவு. இல்லையென்றால் மதிலும் விண்டோலண்டாவும். விடாமல் மழை பெய்தால் கிராக்சைடு. ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்த வாரத்தில் கடல் எங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதால் விண்டோலண்டாவுக்குத்தான் அழைத்துப் போனேன். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த குழந்தைக் காலணி ஒன்றின் முன் அவர் வெகு நேரம் நின்று, தன் உள்ளங்கையை விரித்து அதன் நீளத்தை அளந்து பார்த்தார்.