மாந்தோப்பில் நிற்கும் கேரவனுக்கு ஜன்னல் திரைகள்: நான்கு கோடைகளின் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் எங்களுக்குச் சிறிய மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. தோத்தாபுரி பறிப்பு முடியும்வரை இரவுக் காவலுக்கு யாராவது அங்கே தங்கியே ஆக வேண்டும். மற்ற மாதங்களில் நானும் கணவரும் ஏற்காடு, வால்பாறை, தனுஷ்கோடி என்று கிளம்பிவிடுவோம். இரண்டுக்கும் உதவட்டும் என்று 2021-இல் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கேரவனாக மாற்றினோம். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்பார்கள், கழிவறையைப் பற்றிக் கேட்பார்கள். ஜன்னல் திரையைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையும் இரவும் கை படுவது அதில்தான். முதலில் பழுதானதும் அதுதான். இந்த நான்கு கோடைகளில் நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் வண்டியில் படுக்கைப் பகுதியில் இரண்டும் சமையல் மேடைக்கு மேல் ஒன்றுமாக, வெளிப்பக்கம் தூக்கித் திறக்கும் இரட்டை அடுக்கு அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஜன்னல்கள் மூன்று. பக்கக் கதவிலும் ஓட்டுநர் பகுதியிலும் சாதாரணக் கண்ணாடி. வேனின் பக்கச் சுவர் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக உள்பக்கம் சாயும். வீட்டு ஜன்னலில் மாட்டும் திரையைக் கொண்டுவந்து மாட்டினால், மேலே ஒட்டியிருக்கும் துணி கீழே சுவரை விட்டு நான்கு விரல் தள்ளித் தொங்கும். வண்டி ஓடும்போது ஆடும், தட்டும், இரவில் அந்த இடைவெளி வழியாக வெளிச்சமும் கொசுவும் வரும். பக்கக் கதவில் பட்டைத் திரை மாட்டி மூன்றே மாதத்தில் கழற்றினோம். கேரவன் திரைக்கு இருபக்கமும் தண்டவாளம் போன்ற சட்டம் அவசியம். இதில் சமரசமே கூடாது.

அக்ரிலிக் ஜன்னல்களுக்கு மடிப்புத் திரைச் சட்டம் வாங்கினோம். மேலிருந்து கொசுவலை இறங்கும், கீழிருந்து வெளிச்சம் புகாத மடிப்புத் திரை ஏறும். இரண்டையும் நடுவில் கொக்கி போட்டு, வேண்டிய உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தோப்பில் விளக்கைப் போட்ட மறுநிமிடம் பூச்சிகள் படையெடுக்கும். அந்த வலை இல்லாவிட்டால் நாங்கள் உள்ளே சோறு தின்ன முடியாது. முதல் ஆண்டு குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் கோடையில், மேற்குப் பார்த்த படுக்கை ஜன்னலில் திரையை இழுத்தபோது மெல்லிய சத்தத்துடன் ஒரு நூல் அறுந்து, திரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விற்ற கடையில் கேட்டால், நூல் மாற்றித் தர மாட்டோம், முழுச் சட்டத்தையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு முழ நூல் போனதற்காக நல்ல திரையைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தைக் கழற்றிப் படுக்கை மேல் வைத்து, மூலை மூடிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நூலின் முனையிலும் பேனாவுக்குள் இருப்பது போன்ற சிறிய சுருள் வில். நூல் ஒரு மூலையிலிருந்து மடிப்புகளின் துளை வழியாக வந்து, திரையின் ஓரத்தில் நாம் பிடித்து நகர்த்தும் கம்பிக்குள் நுழைந்து, அதற்குள்ளேயே குறுக்காகப் போய், மறுமுனையில் வெளிப்பட்டு எதிர் மூலைக்குச் செல்கிறது. இன்னொரு நூல் இதற்கு நேர் எதிராகப் போகிறது. இந்தக் குறுக்கோட்டம்தான் கம்பியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் முதல்முறை நூலை நேராகக் கோத்துவிட்டேன். திரை ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் ஏறவில்லை. முழுவதையும் உருவி மறுபடி கோத்தேன். நீங்கள் பிரிக்கும்போது ஒவ்வொரு மூலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல் அறுந்திருந்தாலும் அதன் முனையில் புது நூலை ஒட்டி மெதுவாக இழுத்தால், பாதி வேலை ஊசியில்லாமலே முடிந்துவிடும். இழுவிசையைச் சோதிக்க எளிய வழி: திரையைப் பாதி உயரத்தில் விட்டுவிடுங்கள். கீழே நழுவினால் நூல் தளர்வு. நகர்த்தவே கை வலித்தால் இறுக்கம் அதிகம். விட்ட இடத்தில் நின்றால் முடிச்சுப் போடலாம்.

எந்த நூல் என்பதில்தான் ஓர் ஆண்டை வீணாக்கினேன். முதலில் போட்டது கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் வாங்கிய தூண்டில் நரம்பு. அறுக்கவே முடியாது என்றுதான் வாங்கினேன். அது அறவில்லை, நீண்டுவிட்டது. வெயிலில் தளர்ந்து, மடிந்த இடத்தில் மடிந்தபடியே விறைத்துக்கொண்டது. அடுத்து ஒரு மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் நூல். நீளாமல் நன்றாகத்தான் நின்றது, ஆனால் ஏழு மாதத்தில் அதே மூலையில் மறுபடி அறுந்தது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு அருகில் பை, குடை பழுது பார்க்கும் தம்பியிடம் சட்டத்தைக் கொண்டுபோனேன். அவர் நூலைப் பார்க்கவே இல்லை. மூலை மூடியின் துளையில் சுண்டுவிரல் நகத்தை வைத்துத் தேய்த்தார்.

"அக்கா, நூல் மேல் தப்பில்லை. இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்."

தொட்டேன். பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய பள்ளம், அதன் விளிம்பு பிளேடு மாதிரி. பழைய நூல் ஏறி இறங்கி ஏறி இறங்கி அறுத்த தடம் அது. இனி எந்த நூலைப் போட்டாலும் அந்தப் பள்ளம் அதைத் தின்றுவிடும்.

"இதற்கு என்ன தம்பி செய்வது?"

"செருப்புக்கு அடிக்கிற பித்தளைக் கண்ணி ஒன்று வைத்துவிடுகிறேன் அக்கா. உள்ளே வழவழவென்று இருக்கும்."

துளையைச் சற்றுப் பெரிதாக்கிக் கண்ணியை, அதாவது அந்தச் சிறு பித்தளை வளையத்தை, வைத்து, அதன் பின்பக்கத்தை விரித்துத் தட்டினார். நான்கு மூலைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு மாம்பருவம் முடிந்துவிட்டது, அந்த ஜன்னலில் நூல் அறவில்லை. இதைத் தெரிவிக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

பக்கக் கதவில் பட்டைத் திரையைக் கழற்றிய இடத்தில், பக்கச் சட்டத்துடன் கூடிய உருளைத் திரை வைத்தோம். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அது கொக்கியை விட்டுப் பட்டென்று மேலே சுருண்டது. குழாய்க்குள் இருக்கும் சுருள் வில்லைத் தேவைக்கு மேல் முறுக்கியிருந்ததுதான் காரணம். உருளையின் ஒரு முனையில் தட்டையான ஆணி இருக்கும். அதைக் குறடால் பிடித்தபடிதான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் முறுக்கு முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். எங்கள் திரைக்குப் பதினான்கு சுற்று சரியாக இருக்கிறது. உங்களுடையதைத் திரும்ப மாட்டும்போது எண்ணி, சட்டத்திலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், நம் ஊர்ச் செம்மண் தூசி அதில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷால் சட்டத்தின் பள்ளத்தைத் துடைத்தாலே போதும்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது மடிப்புத் திரையை மடித்தும் உருளைத் திரையைச் சுருட்டியும் விடுங்கள். மாதக்கணக்கில் இழுத்தே வைத்தால் மடிப்பு தன் வடிவத்தை இழந்துவிடும், வில்லும் சோர்ந்துவிடும். இன்னொன்று, அக்ரிலிக் ஜன்னல் உள்ளவர்களுக்கு மிக முக்கியம். நல்ல வெயிலில் வெளிச்சம் புகாத திரையை முழுவதும் மூடிவைக்காதீர்கள். உள்ளே வந்த வெயில் திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சூடாகத் தேங்கி அக்ரிலிக்கையே வளைத்துவிடும். நான் மூன்றில் ஒரு பங்காவது திறந்துவைக்கிறேன். ஸ்பிரிட் கலந்த கண்ணாடித் திரவத்தையும் அக்ரிலிக் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மயிரிழை விரிசல்கள் விழும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

உண்மையில் வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே தடுத்தால்தான் உள்ளே குளிர்ச்சி. உள்திரை என்னதான் கனமாக இருந்தாலும் வெப்பம் ஏற்கெனவே வண்டிக்குள் வந்துவிட்டது. தகரக் கூரைக்கு அடியில் போடும் வெள்ளிக் குமிழித் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் நாடா தைத்து, வெளியிலிருந்து மாட்டுகிறோம். முன் கண்ணாடிக்கும் அதுதான், இரு நுனிகளையும் கதவிடுக்கில் செருகிவிடுவோம். மே மாதப் பிற்பகலில் உள்ளே படுக்க முடிகிறதென்றால் அதனால்தான். கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஒட்டுத்தாளுக்குத் தடை விதித்தது. அந்த வழியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இன்றைக்குப் புதிதாக வாங்குவதென்றால் படுக்கைப் பக்கம் மறுபடியும் மடிப்புத் திரையையே வாங்குவேன், ஆனால் மூலை மூடி திருகாணியில் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஒட்டி மூடிய சட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட மாட்டேன். ஓட்டுநர் பகுதிக்குத் தண்டவாளத்தில் ஓடும் கனத்த துணித்திரையே போதும், பர்கூர் ஜவுளிக் கடைகளில் அதற்கு நல்ல துணி கிடைக்கிறது. அளவெடுக்கும்போது அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, சட்டம் உள்ளே உட்காருவதானால் அவற்றில் சிறியதைச் சொல்லுங்கள். கையால் கட்டிய வண்டியில் எந்த ஜன்னலும் சரியான சதுரமாக இருப்பதில்லை.

சமையல் மேடை ஜன்னலின் நூல் போன வாரம் பிசிறு தட்டத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் இன்னும் பித்தளைக் கண்ணி வைக்கவில்லை. காய் பறிப்புக்கு முன் கழற்றி அந்தத் தம்பியிடம் கொண்டுபோக வேண்டும்.