மேற்கு பார்த்த வீடும் வறட்சி மாதங்களும்: ஏர் கூலர், கூரைத் தாள், ஏர்கோன் நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வீட்டில் காத்தாடி (மின்விசிறி), ஏர் கூலர், ஏர்கோன் (ஏசி) மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் பல வறட்சிகள் பார்த்தாயிற்று. ஆனால் எந்த மாடல் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "முதல்ல வீட்டுக்கூரையைப் பாருங்க" என்றுதான் சொல்வேன். கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் அடித்த பிறகுதான் மற்ற சாமான்களுக்குப் போட்ட காசுக்கே மரியாதை வந்தது.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இதைப் படித்துப் பயனில்லை. மலேசியாவில் கெடா மாநிலம், பாடாங் செராய் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒற்றை மாடி வரிசை வீடு. முகப்பு மேற்கு. சாலைக்கு அந்தப் பக்கம் செம்பனை, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மிச்சமிருக்கிற பால் மரம், அதாவது ரப்பர். நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைகள், என் அத்தை. அத்தை தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். வீட்டுக்காரருக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்க வேண்டியதே காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, அதாவது வெயில் உச்சந்தலையில் நிற்கும் நேரம். இந்த வீட்டில் குளிர்ச்சிக்காகச் செய்த ஒவ்வொரு செலவும் அந்தத் தூக்கத்துக்காகத்தான்.

கெடாவில் வறட்சி தைப்பூசத்தை ஒட்டித் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். பால் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும், வெட்டுக்காரர்களுக்குச் சம்பளமும் குறையும். அத்தை நாட்காட்டி பார்ப்பதில்லை, "மரம் இலை போட்ருச்சு, இனிமே தண்ணிய அளந்து ஊத்துங்க" என்பார். அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் சாயந்திர மழையும் இடியும். ஜூன், ஜூலையில் இன்னொரு வறட்சி, சில வருஷம் அதையொட்டிப் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

வானிலைத் துறையின் கணக்குப்படி, மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35-லிருந்து 37 டிகிரி வரை போனால் மஞ்சள் எச்சரிக்கை. அதே மூன்று நாள் 37-ஐத் தாண்டினால் வெப்ப அலை, 40-ஐத் தாண்டினால் சிவப்பு. நாட்டின் பழைய உச்சமான 40.1 டிகிரி 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது. நமக்கு அதிக தூரமில்லை. மஞ்சள் என்று செய்தியில் சொல்கிற நாளில் எங்கள் முன்வாசல் கிரில்லை வெறுங்கையால் திறக்க முடியாது. சின்னவன் பள்ளிச் சட்டையின் தொங்கலால் பிடித்துத் திறப்பான்.

இனி ஏர் கூலர். வீட்டுக்காரரின் கம்பெனி விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்தது. காசு கொடுக்காத சாமான், அதனால் எனக்கு அதன்மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. பின்னால் தேன்கூடு மாதிரி ஓட்டை வைத்த அட்டை, அடியில் தண்ணீர்த் தொட்டி, முன்னால் காற்று. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதுதான் மொத்த வித்தையும். காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் மதுரையில் இதைத்தான் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். அங்கே காற்று வறண்டது. இங்கே ராத்திரி துணி உலர்த்தினால் காலையில் ஈரமாகவே கிடக்கிறது, அந்தக் காற்றில் இன்னும் தண்ணீரைக் கலந்தால் எங்கே போகும்? கதவைச் சாத்திக்கொண்டு ரூமில் ஓடவிட்டால் முதல் அரைமணி நேரம் சுகம், அப்புறம் பிசுபிசு. தலையணை உறையெல்லாம் நமத்துப்போகும். ஐஸ் கட்டி போடச் சொல்லி ஒரு தட்டும் கொடுத்திருந்தார்கள். அந்த ஐஸைப் பார்லித் தண்ணியில் போட்டுக் குடித்தால் அதைவிடக் குளிரும்.

அதற்காகச் சுத்த வேஸ்ட் என்றும் சொல்லமாட்டேன். பிப்ரவரி மத்தியானத்தில் எங்கள் பக்கக் காற்று உண்மையிலேயே காய்ந்துபோகிறது. அந்த நேரத்தில் முன்கூடத்தில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து, கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்க்கிற மாதிரி வைத்தால் முகத்தில் நல்ல காற்று அடிக்கும். அத்தை அதன் முன்னால் நாற்காலி போட்டுக் கீரை ஆய்வார். ஈரக்காற்று பின்வாசல் வழியாக வெளியே போகவேண்டும், அதுதான் முக்கியம். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏதோ ஏழை வீட்டு ஏர்கோன் மாதிரி சொல்லித்தான் விற்கிறார்கள்.

பராமரிப்புதான் தலைவலி. அட்டை வழுவழுப்பாகி, மழையில் நனைந்த நாய் வாடை வரும். தொட்டித் தண்ணீரை அப்படியே விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். டெங்கிக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த கதை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறையில் பெரியவள் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பாள். வறட்சியில் குழாயில் தண்ணீர் நூலாக வரும் நாட்களும் உண்டு. அன்றைக்கு டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரைக் கூலருக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது.

காத்தாடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தில் 60 இஞ்ச் கேடிகே (KDK) கம்பெனி காத்தாடி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓடுகிறது. ரூமில் பிறகு மாட்டியது டிசி மோட்டர் ரகம். பழையது 70, 75 வாட் இழுக்கும், புதியது அதில் பாதிகூட இல்லை, சத்தமும் கம்மி. ஆனால் ரிமோட் காணாமல் போனால் வீடே கலவரமாகும், சுவரில் திருகுகிற பழைய ரெகுலேட்டரே எனக்குப் பிடிக்கும். காத்தாடி ரூமைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத ரூமில் ஓடவிட்டுப் போகாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கூரைக்கு வருவோம். வீட்டுக்காரர் பகலில் தூங்கமுடியாமல் வியர்த்து எழுந்து உட்கார்ந்த ஒரு நாள், ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங் பலகையைத் தொட்டுப்பார்த்தேன். இட்லிப் பாத்திரத்தின் மூடி மாதிரி சுட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தொட்டாலும் சூடு குறையவில்லை. அதாவது, வெளியே காற்று ஆறின பிறகும் மேலேயிருந்து வீட்டுக்குள் அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே காத்தாடி போட்டால் அனலைத்தான் கீழே தள்ளும்.

ரெண்டு வேலை செய்தோம். ஓட்டுக்கு அடியில், மரச்சட்டத்தோடு சேர்த்து அலுமினியத் தாள். சீலிங் பலகைக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு விரிப்பு. தாளின் பளபளப்புப் பக்கம் எதையும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தகரம்தான், சூட்டை அப்படியே கடத்தும். பளபளப்பைக் கீழே பார்க்க அடித்தால் தூசி படியாது. இதைப் புரிந்துகொண்ட ஆள் கிடைப்பதே கஷ்டம். முதலில் வந்தவர் பழைய தாளைச் சீலிங்மேல் சும்மா பாய் மாதிரி விரித்துவிட்டுப் போகிறேன் என்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். ஒரு எச்சரிக்கை: பழைய மலிவு விலை வீடுகளில் கூரையும் சீலிங்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதில் துளைபோடுவது, உடைப்பது, தேய்ப்பது எதுவும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். அப்படிப்பட்ட வீடு என்றால் விவரம் தெரிந்தவர் வந்து பார்க்கட்டும்.

பலன்? சுவரில் தொங்கும் வெப்பமானி மத்தியானம் சுமார் மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது. எண்ணைவிடப் பெரிய வித்தியாசம் சாயந்திரத்தில். முன்பு பத்து மணிவரை புழுங்கிய ரூம் இப்போது ஏழரைக்கே வெளிக்காற்றோடு சமமாகிவிடுகிறது. ஸ்டாண்டு காத்தாடியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து உள்சூட்டைத் தள்ளிவிட்டால் இன்னும் சீக்கிரம். செலவு, ஒரு நல்ல ஏர்கோனும் அதை மாட்டும் கூலியும் சேர்ந்த தொகைக்கு அருகில் வந்தது. ஆனால் இதற்குப் பில் வருவதில்லை, சர்வீஸ் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. அத்தைக்கு மட்டும் திருப்தி இல்லை. "தோட்டத்து வீட்ல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல கை போற சந்து இருக்கும்மா, இதுல மூச்சு விடவே வழியில்ல" என்பார். உண்மைதான். கூடவே அந்தச் சந்து வழியாகப் பாம்பும் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஏர்கோன் ஒன்றே ஒன்று, 1 குதிரைத்திறன் இன்வெர்ட்டர், பெரிய ரூமில். கூரை வேலைக்கு முன்பே மாட்டியது. அப்போது மத்தியானத்தில் 20-ல் வைத்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும். இப்போது 26-ல் வைத்து, மேலே காத்தாடியை ஒன்றில் விட்டால் போதும், வீட்டுக்காரர் போர்வை கேட்கிறார். வறட்சி ராத்திரிகளில் ஐந்து பேரும் அந்த ஒரே ரூமில்தான். மெத்தை விரித்து, அத்தை கட்டிலில், மற்றவர்கள் தரையில். 24-ஆ 26-ஆ என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அத்தை காதில் துண்டைக் கட்டிக்கொண்டு தீர்ப்பு சொல்லுவார்.

பில் விஷயம் பலரும் கேட்பது. பழைய கட்டணத்தில் முதல் 200 யூனிட் 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40, 300-க்கு மேல் 600 வரை 51.60. எங்களுக்கு 250 யூனிட் ஓடும் மாதம் 60 வெள்ளிதான் (ரிங்கிட்) வந்தது. ஏர்கோனால் 90 யூனிட் கூடினால் 97 வெள்ளியைத் தாண்டியது. யூனிட் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, காசு அதைவிட வேகமாக ஏறிவிட்டது. 2025 ஜூலை முதல் கணக்கு மாறிவிட்டது. இப்போது 1,500 யூனிட் வரை யூனிட்டுக்கு ஒரே அடிப்படை விலை, அதில் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தள்ளுபடி. யூனிட் கூடக்கூட அந்தத் தள்ளுபடி சுருங்கிக்கொண்டே போகும். எப்படிப் பார்த்தாலும் மீட்டர் மெதுவாகச் சுற்றுவதுதான் நமக்கு லாபம்.

ஏர்கோன் ஒருமுறை செத்தது. வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்தால் போர்டின்மேல் ஒரு பல்லி கருகி, வால்கூட அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. சூடு தேடிப் பல்லி உள்ளே போகும், ரெண்டு முனையில் கால் வைக்கும், போர்டு போய்விடும். மாற்ற நல்ல செலவு. இப்போது ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கிறோம். காற்று போகிற வழியை அடைக்கக்கூடாது, அதைக் கவனியுங்கள். ஏப்ரல் இடிக்காலத்தில் வானம் கறுத்தால் சுவிட்ச் மட்டுமல்ல, மெயினையும் இறக்கிவிடுவோம்.

சர்வீஸுக்கு வருகிற ஆட்களில் பாதிப்பேர் "கேஸ் குறைஞ்சிருச்சுக்கா, டாப்அப் பண்ணணும்" என்பார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்ட அன்று அந்தத் தம்பி மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரியாத்தான் இருக்கு" என்றான். பில்டரை நாமே ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் காட்டினால் பாதிக் குறை தீரும். புகைமூட்ட மாதங்களில் வாரம் ஒருமுறை. அப்போது ஜன்னலைத் திறக்கமுடியாது, சாயந்திரக் காற்று வித்தை எல்லாம் செல்லாது. அந்த நாட்களில் ஏர்கோன் இல்லாவிட்டால் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் தீராதது மேற்குச் சுவர். நாலு மணி வெயில் நேராக முகப்பில் அறைகிறது, செங்கல் அதைக் குடித்துவைத்துக்கொண்டு ராத்திரி கக்குகிறது. மூங்கில் திரை தொங்கவிட்டோம். ஜன்னலுக்கு நல்லது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. முன்னால் கூரையை இழுத்து நீட்டப் போகிறோம். ஒருவர் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தகடு போடலாம், வெளிச்சம் வரும் என்றார். வெளிச்சத்தோடு வெயிலும் வருமே. தகரத்துக்கு அடியில் பஞ்சு வைத்த ரகத்துக்கு விலை கேட்டிருக்கிறோம். இன்னும் ரெண்டு பேர் அளவெடுக்க வரவேண்டும். தைப்பூசத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவருக்குத்தான் வேலை.