இலவச சாம்பிள் சோதிக்க "தேர்வானவர்கள்" உடனே படியுங்கள்: எனக்கு 6,80,000 கியாட் போயிற்று

யாங்கோனில் இருக்கும் நம் ஆட்கள், முக்கியமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நேற்று ராத்திரியிலிருந்து தூக்கமில்லை. 6,80,000 கியாட்! இன்னும் வயிறு எரிகிறது.

அழகுசாதனப் பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். பெயரைப் போட்டுப் பிரயோஜனமில்லை, நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். "பொருளை இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துக் கருத்து எழுத ஆட்கள் தேவை" என்று விளம்பரம். பெயர், வயது, முகத்தோல் எண்ணெய்ப் பசையா வறட்சியா என்பது வரை கேட்டார்கள். நிரப்பி அனுப்பினேன். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று பதில் வந்தது.

பார்சல் நிஜமாகவே வந்தது. தாக்கேத்தாவில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது, டெலிவரிக் காசுகூட அவர்களே கட்டியிருந்தார்கள். உள்ளே தனக்கா (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) கிரீம் டியூப் ஒன்று, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முகம் கழுவும் ஜெல் இரண்டு பாக்கெட். கூடவே ஒரு சின்ன அட்டையில் என் பெயரைப் பர்மிய எழுத்தில் கையாலேயே எழுதி நன்றி சொல்லியிருந்தார்கள். இவ்வளவு மெனக்கெடுபவர்களை எப்படிச் சந்தேகப்படுவது? பூசிப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், கருத்தும் எழுதினேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தார்கள். விலை கூடின செட்டுகளை நாமே முதலில் வாங்கிக் கருத்து எழுத வேண்டுமாம், எழுதியதும் பணமும் கமிஷனும் திரும்பி வருமாம். 30,000 கட்டினேன். அன்று சாயந்திரமே 36,000 வந்துவிட்டது. அந்த 36,000-ஐப் போட்டுத்தான் என் 6,80,000-ஐப் பிடுங்கினார்கள். என்னைச் சேர்த்துவிட்ட சாட் குழுவில் ஆளாளுக்குப் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள். அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள்தான்!

அடுத்தது மூன்று செட் சேர்ந்த பேக்கேஜ், நடுவில் நிறுத்தினால் எதுவும் திரும்பாது என்றார்கள். தையல் வேலையில் சேர்த்து, தெயின்ஜி சந்தையில் துணி எடுக்க வைத்திருந்த 6,80,000 கியாட் அதில் போனது. 2018-இல் அரசு வைத்த குறைந்தபட்ச நாள்கூலி 4,800 கியாட், பிறகு படி என்று கொஞ்சம் சேர்த்தார்கள். அந்தக் கூலியில் 6,80,000 எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்டால் "அமா (அக்கா), சிஸ்டம் சரி செய்கிறோம், பொறுங்கள்" என்றாள் அந்தப் பக்கத்தின் சார்பில் என்னோடு பேசிய பெண். அடுத்து, என் கணக்கு எண்ணில் தப்பு இருக்கிறது, முடக்கிவிட்டோம், விடுவிக்க இன்னும் 2,00,000 கட்டுங்கள் என்றாள். முடியாது என்றேன். அதற்கப்புறம் வரி என்று ஒரு கதை. கடைசியில் என்னை பிளாக் செய்துவிட்டாள். பணம் அனுப்பிய ஆப்பின் ஏஜென்ட் கடைக்கு ஓடினேன். "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு நாங்கள் என்ன செய்ய?" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் புகார் பதிவாகிவிட்டது, காத்திருங்கள் என்பதோடு சரி.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கரண்ட் போகும் நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நிஜமான சாம்பிள் திட்டத்தில் பொருளுக்குக் காசு கேட்க மாட்டார்கள். அமேசான் 2007-இலிருந்து நடத்தும் வைன் திட்டத்தில்கூட அவர்களே ஆளை அழைக்கிறார்கள், கருத்து எழுதுகிறவர் பொருளுக்கு விலை கொடுப்பதில்லை. சின்னத் தொகை திரும்பி வந்ததே என்று பெரிய தொகையைக் கட்டாதீர்கள். என்.ஆர்.சி. (அடையாள) அட்டைப் படம், ஓ.டி.பி. எதையும் அனுப்பாதீர்கள். முடக்கம், வரி என்று மேலும் கேட்டால் ஒரு கியாட்கூட கொடுக்காதீர்கள். அவர்கள் பிளாக் செய்வதற்கு முன்பே எல்லாச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.