மத்திய அரசின் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) இணையதளம்: எதைக் கேட்கலாம், எங்கே சறுக்கும்

10 ரூபாய்க்கு இவ்வளவு பயனுள்ள அரசு சேவை வேறில்லை. தளம் இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது பெரிய குறை. பெட்டியில் எழுதும் கேள்வி 3,000 எழுத்துக்குள் இருக்கணும்; அதைவிட நீண்டால் இணைப்பாகப் போடணும்.

பலர் சறுக்குவது எந்த அரசு என்பதில்தான். திருப்பூர் பனியன் தொழிலாளியின் பி.எஃப்., ஈரோடு ரயில் நிலையம் இரண்டும் மத்திய அரசு, தாராளமாகக் கேட்கலாம். பட்டா, ரேஷன் கார்டு, நொய்யல் சாயக்கழிவைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாம் மாநிலம். இங்கே போட்டால் மனு திரும்பி வரும், பணம் வராது. தமிழ்நாட்டுக்குத் தனித் தளம் இருக்கிறது.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். கோப்பின் நகல், உத்தரவு எண், தேதி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடணும். அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.