அத்திவாவா, எக்ஸ்50-ஆ?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் காரை நிறுத்த இடம் தேடியிருக்கிறீர்களா? மலேசியக் கார்களான இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதற்கு அந்த இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும். பெரோடுவா அத்திவா 4,065 மில்லிமீட்டர் நீளம். புரோட்டோன் எக்ஸ்50 அதைவிட நீளம். ஒரு சாணுக்குச் சற்று மேல் வித்தியாசம்தான். ஆனால் இரண்டு வேன்களுக்கு நடுவே நுழையும்போது அந்தச் சாண்தான் வியர்க்க வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சாமான் வைக்கும் இடம் சின்ன வண்டியில்தான் அதிகம்: அத்திவாவில் 369 லிட்டர், எக்ஸ்50-இல் 330. அரிசி மூட்டையும் குழந்தையின் தள்ளுவண்டியும் வைத்துப் பார்த்தால் புரியும்.

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் மலைப்பாதையில் கதை மாறுகிறது. அத்திவாவின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 98 குதிரைத்திறன். ஐந்து பேரோடு ஏற்றத்தில் சற்று முனகும். 2025-இல் புதுப்பிக்கப்பட்ட எக்ஸ்50 நான்கு சிலிண்டர், 181 குதிரைத்திறன். மூச்சே வாங்காது.

சாலை வரி அத்திவாவுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்)தான். எக்ஸ்50-க்குக் கூடுதல், பெட்ரோலும் அப்படியே.

தினமும் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே சுற்றுபவர் என்றால் அத்திவா போதும். மாதம் இருமுறை ஈப்போவுக்கு மாமியார் வீடு போகிறவர், தவணை கட்ட முடிந்தால், எக்ஸ்50 எடுக்கலாம். நானாக இருந்தால் அத்திவாதான்; எனக்கு நிறுத்துமிடம்தான் பெரிய தலைவலி.