ஒட்டடைக் கம்புக்கு மேலே போகிற பந்து

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. உயரம் 148 சென்டிமீட்டர். இந்த ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்ததும் இணைப்பாட நடவடிக்கைக்குக் கூடைப்பந்தைத்தான் முதல் விருப்பமாக எழுதிக் கொடுத்தாள். தேர்வு நாளில் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். "உயரம் பத்தாதாம்ப்பா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் அன்று இரவு சாப்பிட வரவில்லை. அவள் அம்மா சோற்றைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, என்னோடு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவர் சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தக் கூடைப்பந்து வகுப்பைப் பற்றிச் சொன்னார். இப்போது எட்டு வாரத் தவணை இரண்டு முடிந்துவிட்டது. கட்டணம் கட்டப் போகும் மற்ற பெற்றோருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். வகுப்பின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கோச் கேட்டுக்கொண்டார், ஏற்கெனவே காத்திருப்பவர்கள் நிறைய. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வகுப்புக்கு 240 வெள்ளி. வாரம் ஒன்றரை மணி நேரம், காலை எட்டரைக்கு. அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கூரை போட்ட திடல். பதினான்கு பிள்ளைகள், ஆண் பெண் கலந்து. இரண்டு பயிற்றுநர்கள். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணைப்பாட வகுப்புக்கு நாம் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியாது.

இனி அந்தக் கம்பு.

முதல் நாள் போனபோது கோச் ஒரு நீளமான ஒட்டடைக் கம்பைக் கையில் வைத்திருந்தார். கூரை மூலையில் சிலந்தி வலை அடிப்போமே, அதே கம்பு. நுனியில் பழைய தோட்டக் கையுறை ஒன்றைத் துணி திணித்துக் கட்டியிருந்தார். கூடைக்குக் கீழே நின்றுகொண்டு கம்பைத் தூக்கிப் பிடித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து, அந்தக் கையுறைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட வேண்டும். நேராக எறிந்தால் கையுறை பந்தைத் தட்டிவிடும். கைக்குள் உருட்டிவிடுவதுபோல, இரண்டு அடி முன்னாலேயே, மெல்ல மேலே விட வேண்டும். ஃப்ளோட்டர் என்கிறார்கள். என் மகளின் முதல் பதினோரு பந்துகளையும் கையுறை தட்டியது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டாவது பந்து கையுறையை உரசிக்கொண்டு போய் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. உள்ளே போகவில்லை. ஆனாலும் திரும்பி என்னைப் பார்த்த அந்த முகத்தை அவளிடம் பல வாரமாக நான் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கோச் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து ஐபேடில் பத்து நிமிடம் ஒரு ஆட்டம் காட்டுவார். எப்போதும் ஒரே ஆளைத்தான் காட்டுவார்: ஜப்பானியக் கூடைப்பந்து ஆட்டக்காரர் யூகி கவாமுரா. 172 சென்டிமீட்டர். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருடைய உயரம்தான் அது.

இந்த ஆளைப் பற்றிக் கோச் சொல்கிற விதம்தான் எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்தது. 'குட்டையாக இருந்தாலும் ஜெயிக்கலாம்' என்று சுவரொட்டி வாசகம் சொல்வதில்லை. ஒவ்வொரு வாரமும் கவாமுராவின் வாழ்க்கையில் ஒரு படியை எடுத்து, அந்தப் படியில் அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்று மட்டும் சொல்கிறார். அன்றைய பயிற்சியும் அதை ஒட்டியே இருக்கும்.

கவாமுரா பிறந்தது 2001-இல், ஜப்பானின் யமாகுச்சி மாநிலத்தில் யானாய் என்ற சின்ன ஊர். உயர்நிலைப் படிப்புக்கு ஃபுகுவோகா டாய்இச்சி என்ற பள்ளிக்குப் போனார். விடாத தற்காப்பும் ஓட்டமும்தான் அந்தப் பள்ளியின் ஆட்டம். எதிராளி பந்தைத் தவறவிட்ட அடுத்த கணம் ஐந்து பேரும் மறுமுனைக்குப் பறப்பார்கள். ஜப்பானில் பள்ளிக் கூடைப்பந்து என்றால் நாடே பார்க்கும். டிசம்பரில் தோக்கியோவில் நடக்கும் வின்டர் கப் போட்டி அங்கே பெரிய திருவிழா. 2018, 2019 இரண்டு ஆண்டும் டாய்இச்சிதான் வென்றது. 2019 இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் அதே ஃபுகுவோகா நகரத்து ஓஹோரி பள்ளி. நம் ஊர் இரண்டு பள்ளிகள் தேசிய இறுதிக்குப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பகுதியைச் சொன்ன வாரம் கோச் பந்தையே வெளியே எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஓட்டம் மட்டும். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு, திரும்பி, மறுபடியும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "இதுக்கா காசு கட்டினோம்?" என்று முணுமுணுத்தார். இதற்குத்தான் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. குட்டையான பிள்ளை உயரமான பிள்ளையை முந்துவதற்கு இருக்கிற ஒரே இடம் அந்த முதல் மூன்று எட்டுதான்.

பள்ளிப் படிப்பு முடிவதற்குள், 2020 ஜனவரியில், பதினெட்டு வயதிலேயே கவாமுரா ஜப்பானின் தொழில்முறைப் போட்டியான பி லீக்கில் ஆடிவிட்டார். மாணவர்கள் படிப்பை விடாமலே தொழில்முறைக் குழுவில் ஆட அங்கே ஒரு தனி ஏற்பாடு உண்டு. அந்த வழியில் சான்-என் நியோஃபீனிக்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் டோகாய் பல்கலைக்கழகம். அங்கே படித்தபடியே யோகோஹாமா பி-கோர்செயர்ஸ் குழுவிலும் ஆடினார். 2022-இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு முழுநேர ஆட்டக்காரர் ஆனார். அடுத்து வந்த 2022-23 பருவத்திலேயே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த புதுமுக விருதும் இரண்டுமே அவருக்கு.

படிப்பை நிறுத்திய இடத்தில் கோச் கொஞ்சம் நின்றார். பெற்றோர் பக்கம் பார்த்து, "இதை நான் சிபாரிசு செய்யவில்லை. அவர் மூன்று பருவம் தொழில்முறைக் குழுவில் கால் வைத்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு" என்றார். அந்தப் பேச்சுக்காகவே இரண்டாம் தவணைக்கு அப்போதே பணம் கட்டிவிட்டேன். கனவு விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

2023 உலகக் கிண்ணத்தில் ஓக்கினாவாவில் ஃபின்லாந்தை ஜப்பான் 98-88 என்று வென்ற ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் துண்டு துண்டாகக் காட்டினார். கவாமுராவுக்கு 25 புள்ளி, 9 அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரர் கூடை போட வழிசெய்த பந்துகள். ஜப்பான் பதினெட்டுப் புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு வந்த ஆட்டம் அது. கோச் அவர் கூடைக்குள் பந்து போடும் காட்சியைவிட, அதற்கு முந்தைய இரண்டு விநாடியைத்தான் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அவர் கண் எங்கே இருக்கிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எதிராளியின் எடை எந்தக் காலுக்குப் போகிறது. "பந்தைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள்" என்பார்.

எனக்கு இந்த ஆளை இந்த வகுப்புக்கு முன்பே தெரியும். 2024 ஜூலை கடைசி, ஒரு செவ்வாய் இரவு. பட்டறையில் நடுநிசி முறைக்குப் போகப் பேருந்தில் உட்கார்ந்து கைபேசியில் ஒலிம்பிக் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்சுக்கு எதிராக ஜப்பான். பிரான்ஸ் பக்கம் வெம்பன்யாமா, இரண்டு மீட்டர் இருபதுக்கும் மேல் உயரம். இந்தப் பக்கம் இந்தப் பையன். 29 புள்ளி எடுத்தான். கடைசி விநாடிகளில் நான்கு புள்ளி முன்னிலையில் ஜப்பான் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்று புள்ளி எறிதலும் ஒரு ஃபவுலும் சேர்ந்து பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. அந்த ஃபவுல் கவாமுராவின் பெயரில் போனது. கூடுதல் நேரத்தில் 94-90 என்று தோற்றார்கள். பேருந்திலிருந்து இறங்கி வாசல் வரை நடக்கும்போது மனசு கனத்துப்போயிருந்தது. எனக்கு ஜப்பானோடு ஒரு உறவும் கிடையாது, இருந்தாலும்.

அந்தக் கோடை முடிந்ததும் அவர் அமெரிக்கா போனார். அங்குள்ள என்பிஏ தொழில்முறை லீக்கின் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் குழு முதலில் பயிற்சி முகாமுக்கு எடுத்தது, பிறகு டூ-வே ஒப்பந்தம் கொடுத்தது. பெரிய குழுவுக்கும் அதன் இளைய குழுவுக்கும் மாறி மாறி ஆட வேண்டிய ஒப்பந்தம் அது. 2024 அக்டோபரில் என்பிஏவில் முதல் முறை களமிறங்கினார், அந்த அளவுக்குப் போன நான்காவது ஜப்பானியர். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே குள்ளமான ஆட்டக்காரர் அவர்தான். மொத்தம் 22 ஆட்டம், சராசரியாக ஆட்டத்துக்குச் சில நிமிடம்தான். இந்த எண்ணையும் கோச் மறைக்காமல் பலகையில் எழுதிக் காட்டினார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து நான்கு நிமிடத்துக்காகக் காத்திருந்தார் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது என்றே நினைக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை பெரியது. முதல் தவணை முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழாம் எண் பந்துதான் கொடுத்தார்கள். அது பெரிய ஆண்கள் ஆடும் அளவு. பெண்கள் உலகம் முழுக்க ஆடுவது ஆறாம் எண் பந்து, சுற்றளவும் எடையும் குறைவு. என் மகளின் விரல்கள் பந்தைப் பாதிகூடப் பிடிக்கவில்லை. ஐந்தாவது வாரம் மணிக்கட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். இதைக் கோச்சிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் தேடிப் பார்த்து ஒரு பெயரோடு வந்தாள்: ருயி மச்சிடா. தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜப்பான் மகளிர் அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், 162 சென்டிமீட்டர். பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் 18 அசிஸ்ட் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தவர். சப்போரோவில் யமானோதே பள்ளியிலிருந்து ஃபுஜிட்சு குழு, அங்கிருந்து 2022-இல் அமெரிக்க மகளிர் குழுவான வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் என்று போனவர். அந்த வெள்ளி அணியைப் பயிற்றுவித்த டாம் ஹோவாஸ்தான் பிறகு கவாமுராவின் தேசிய அணிக்கும் பயிற்றுநர் ஆனார்.

"கோச், இவங்க ஆறாம் நம்பர் பந்துலதான் விளையாடினாங்க" என்று அவளே போய்ச் சொன்னாள். கோச் சாக்குச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான்கு ஆறாம் எண் பந்துகள் வலையில் தொங்கின. ஐபேடில் மச்சிடாவும் வந்துவிட்டார். ஆனால் பதினான்கு பேரில் ஆறு பேர் பெண் பிள்ளைகள், நான்கு பந்து போதாது. உங்கள் மகளைச் சேர்ப்பதாக இருந்தால் சொந்தப் பந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் நியாயமான விலைக்குக் கிடைக்கும். காலணியும் அங்கேயே பார்க்கலாம். ஓட்டப் பயிற்சிக் காலணி வேண்டாம், பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கணுக்கால் பிசகும்.

மற்றவை சின்னவை. கூரை இருந்தாலும் பக்கச் சாரல் அடித்தால் தரை வழுக்கும், வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். செய்தி அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வரும், ஈசூனிலிருந்து கிளம்பிய பிறகு இரண்டு முறை திரும்பியிருக்கிறோம். மாற்று வகுப்பு கொடுக்கிறார்கள், ஆனால் அதே தவணைக்குள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுப்பாடமும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். இடது கையால் தினம் இருநூறு முறை பந்து தட்ட வேண்டும். எங்கள் கீழ்வீட்டு மலாய் பாட்டி மூன்றாம் நாளே மேலே வந்துவிட்டார். இப்போது மகள் கீழே, வீடுகள் இல்லாத தரைத்தளமான வெற்றுத்தளத்துக்கு அருகே உள்ள நடைபாதையில் தட்டுகிறாள், பாட்டி பேரனோடு உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கிறார்.

போன சனிக்கிழமை மூன்றுக்கு மூன்று ஆட்டம் வைத்தார்கள். என் மகள் வலப்பக்கம் பார்த்தபடி ஓடி வந்தாள். எதிரே நின்ற இருவரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். பந்து மட்டும் இடப்பக்கம் போனது. அங்கே நின்ற நெட்டைப் பையன் அதை எதிர்பார்க்கவில்லை, பந்து நெஞ்சில் பட்டு வெளியே உருண்டது. மகள் முகம் வாடி, கோச்சைப் பார்த்தாள்.

கோச் விசில் ஊதிவிட்டு அந்தப் பையனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "கையைத் தயாராக வை. அவள் உன்னைப் பார்க்கவில்லை என்றாலும் பந்து உன்னிடம் வரும்."