வேலைக்குச் செல்பவர்கள் வீட்டில் நாய்க்குட்டிக்கு மடக்கு வேலி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கணவன், மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டில் நாய்க்குட்டி வளர்ப்பதாகச் சொன்னவுடன் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுதான்: சன்னல் கம்பியில் சங்கிலியால் கட்டுங்கள், பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் கூண்டு வாங்குங்கள். சென்னையில் இரண்டாம் மாடியில் இரு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் வசிக்கும் நாங்கள், தெருவில் பிறந்த ஒரு நாட்டு நாய்க் குட்டியைத் தத்தெடுத்தபோது, இம்மூன்றையும் விட்டுவிட்டு, ப்ளேபென் என்ற பெயரில் விற்கப்படும் எட்டுச் சட்டங்கள் கொண்ட மடக்குக் கம்பி வேலியை வாங்கினோம். இரண்டு மாதக் குட்டியாக வந்தவனுக்கு இப்போது ஒன்றரை வயதைத் தாண்டிவிட்டது.

சங்கிலியை ஒதுக்கியதற்குக் காரணம் எளிது. ஆளில்லாத நேரத்தில் குட்டி சுற்றிச் சுற்றி ஓடிக் கழுத்தில் முறுக்கிக்கொண்டால் அவிழ்த்துவிட யாரும் இருக்க மாட்டார்கள். பால்கனியில் மேற்கு வெயிலும், குட்டியின் தலை நுழையும் அளவுக்குக் கைப்பிடிக் கம்பி இடைவெளியும் இருந்தன. கூண்டு தவறான பொருள் அன்று. இரவில் தூங்கவும் காரில் அழைத்துச் செல்லவும் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுந்து நின்று திரும்பிப் படுக்க மட்டுமே இடமுள்ள பெட்டியில் ஓர் அலுவலக நாள் முழுவதும் குட்டியை அடைத்தால், அது தான் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழிக்க நேரிடும். அதன்பின் இடம் பழக்குவது இரட்டிப்பு வேலையாகிவிடும்.

நாங்கள் வாங்கிய வேலியின் ஒவ்வொரு சட்டமும் இரண்டடி அகலம், மூன்றடி உயரம். விலை நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். எட்டையும் சதுரமாக நிறுத்தினால் நான்குக்கு நான்கு, அதாவது 16 சதுர அடிதான் கிடைக்கும். அதையே ஹாலின் மூலையில் இரண்டு சுவர்களைத் துணைக்குச் சேர்த்து நிறுத்தினால், ஆறு சட்டங்களிலேயே 36 சதுர அடி கிடைக்கிறது. இந்தக் கணக்கைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. ஆனால் அப்படி நிறுத்தும்போது இரு முனைகளையும் இறுக்கிக் கட்டியாக வேண்டும். டைல்ஸ் தரையில் வேலி வழுக்கும், மூன்று மாதக் குட்டியே முன்னங்கால்களை ஊன்றித் தள்ளி ஓரத்தில் சந்து உண்டாக்கிவிடும். ஒரு முனையைச் சன்னல் கம்பியோடு கேபிள் டை போட்டும், மறுமுனையைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டியும் வைத்திருந்தோம்.

வாங்கும்போது பார்க்கவேண்டிய மற்றொன்று கம்பிகளின் போக்கு. குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக உள்ள வேலி குட்டிக்கு ஏணியாகிவிடும். நெடுக்குக் கம்பிகளே நல்லது. கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், கதவின் கீழ்மூலையை மூக்கால் நெம்பி அந்த இடுக்கில் தலையைக் கொடுத்துவிடும்.

இனி, பலரும் தவிர்க்கும் பேச்சுக்கு வருகிறேன். வேலி இருப்பதால் மட்டும் குட்டியைக் காலை முதல் மாலை வரை தனியே விட்டுவிட முடியாது. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் குட்டி அடக்கக்கூடிய உச்ச அளவு என்பது நாய் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணி நேரம். அந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை உணவும் தேவை. ஆகவே, முதல் சில வாரங்கள் விடுப்பையும் வீட்டிலிருந்து செய்யும் வேலையையும் மாற்றி மாற்றி எடுத்துச் சமாளித்தோம். பிறகு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கேட்டு, முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வந்து, சிறுநீர் கழிக்க விரித்திருந்த செய்தித்தாளை மாற்றி, சோறு வைத்து, சற்று நேரம் விளையாடிவிட்டுப் போக ஏற்பாடு செய்தோம். அதற்குக் கொடுத்த கூடுதல் சம்பளம் சில மாதங்களிலேயே வேலியின் விலையைத் தாண்டிவிட்டது. நாய் வளர்க்கப் பணம் ஒதுக்குபவர்கள் முதலில் ஒதுக்கவேண்டியது இந்தச் செலவுக்குத்தான் என்பது என் கருத்து. வேலி அதற்கு அடுத்ததே.

தடுப்பூசித் தொடர் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 16 வார வயது வரை, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் அச்சத்தால் குட்டியைத் தெருவில் இறக்க முடியாது. அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. செருப்பில் ஒட்டியும் வரும். அக்கட்டத்தில் வேலி நன்றாகவே கைகொடுத்தது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, கை கழுவிய பிறகே உள்ளே கை நீட்ட வேண்டும் என்று சொல்வதும் எளிதாயிற்று. தரையைத் துடைக்கும் ஃபினாயிலை மட்டும் நிறுத்தினோம். குட்டி தரையை நக்கும், அதுவோ நாய்களுக்கு நஞ்சு.

மூன்றரை மாதத்திலிருந்து பால்பற்கள் விழத் தொடங்குகின்றன; ஆறேழு மாதத்துக்குள் 28 பற்களின் இடத்தில் 42 வருகின்றன. இக்காலம்தான் வேலிக்கு உண்மையான சோதனை. சட்டங்களின் அடியில் தரை கீறாமலிருக்க மாட்டியிருந்த ரப்பர் மூடிகளில் ஒன்றை அவன் கடித்துப் பிடுங்கியதைக் கண்டவுடன், விழுங்கிவிடுவானோ என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். சிறுநீரை உறிஞ்சும் பஞ்சு விரிப்பு (pee pad) வாங்கினால் பஞ்சைக் கிழித்து ஹால் முழுதும் இறைப்பான். பழைய செய்தித்தாளே போதுமானதாக இருந்தது. கயிறு பொம்மைகளும் தனிமையில் ஆகாது, இழை குடலில் சிக்கும். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, உள்ளே குழிவுள்ள கெட்டியான ரப்பர் பொம்மை. உப்பும் தாளிப்பும் இல்லாத குழைந்த தயிர்சாதத்தை அதில் அடைத்து இரவே ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது கொடுத்தால், நாங்கள் லிஃப்ட்டில் இறங்குவதைக்கூடக் கவனிக்காமல் நக்கிக்கொண்டிருப்பான். தண்ணீர்க் கிண்ணம் கம்பியில் திருகி மாட்டும் வகையாக இருக்க வேண்டும். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுவது கட்டாயம். அது கம்பியிலோ தாழ்ப்பாளிலோ மாட்டினால் மூச்சு முட்டிவிடும்.

வைஃபை கேமரா ஒன்றை மேலே பொருத்தினோம். நாள் முழுவதும் அழுதுகொண்டிருப்பான் என்ற கவலை அதனால் தீர்ந்தது: தொடக்கத்தில் அரைமணி நேரம் முனகல், பிறகு பெரும்பாலும் தூக்கம். கேமராவின் ஒலிபெருக்கி வழியாகப் பேசும் வசதியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால், அடங்கியிருந்தவன் எழுந்து வாசலைப் பார்த்து மீண்டும் ஊளையிடத் தொடங்குவான்.

கோடையில் வேலியை வெயில் படாத வடக்குச் சுவருக்கு மாற்றி, அந்த இடத்து மின்விசிறியை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்தோம். நாய் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் தணிக்கும். ஏப்ரல், மே மாதப் பகலில் மின்சாரம் போய்க் காற்று நின்றால் மூடிய வீடு ஆபத்தாகிவிடும். ஏசியை மட்டும் நம்பிக் கதவு சன்னலை அடைப்பதைவிட இது மேல். தீபாவளி நாள்களில் எந்த வேலியிலும் தனியே விடக்கூடாது. வெடிச்சத்தத்தில் மிரண்டால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

பொருளின் தரம் பற்றி: மேற்பூச்சு ஒரு மழைக்காலம் வரை தாங்கியது. பிறகு, சிறுநீர் படும் அடிக்கம்பிகளில் துரு ஏறிப் பூச்சுச் செதில் உரிந்தது. அந்த இரண்டு சட்டங்களைக் கழற்றிவிட்டு, பயன்படாமல் இருந்த இரண்டை அங்கே மாற்றினோம். தினமும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் துருவைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது.

இடையே ஒரு சட்டச் செய்தி. கட்டியோ அடைத்தோ வைத்துப் பழக்கிய நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். காலையில் கிளம்புமுன் நடை, மாலையில் வந்ததும் நடை என்ற ஒழுங்கு எங்கள் வீட்டில் மழையிலும் நிற்பதில்லை.

எட்டாம் மாதத்தில் அவன் மூன்றடி வேலியைத் தாண்டத் தொடங்கினான். நான்கடியாக மாற்றுவதைவிட, முதலில் சிறிது நேரம், பிறகு அரை நாள் என்று ஹாலில் விட்டுப் பழக்குவதே சரியென்று தோன்றியது. அந்துருண்டை, கொசுவிரட்டி, மாத்திரைகள், செருப்பு எல்லாம் மேல் அலமாரிக்குப் போயின. இரண்டு சட்டங்கள் மட்டும் சமையலறை வாசலுக்குத் தடுப்பாக நிற்கின்றன. பக் போன்ற குட்டை இனங்களுக்கு இந்த மூன்றடி வேலி இன்னும் நீண்ட நாள் போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்க் குட்டி வாங்குபவர்கள் இதில் பணம் போடாமல், ஓர் அறையைக் காலிசெய்து அதன் வாசலுக்கு உயரமான கம்பிக் கதவு போட்டுவிடுவது நல்லது.